சொட்டாத குடை

"கீழ்க்கோர்ட்டுல ஜெயிச்சோம், அப்பீல்ல போச்சு," என்றார் வக்கீல், கோர்ட்டு வராந்தாவில் கறுப்புக் கோட்டைக் கழற்றியபடி.

குடைக்காரர் கொதித்தார். "சொட்டாத குடை என் கண்டுபிடிப்பு சார்! மூணு வருஷமா, கட்டின பொண்டாட்டிக்குக்கூடக் காட்டாம செஞ்சேன்!"

"நீங்க பேட்டன்ட்டுக்கு மனு போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே படம், விவரம் எல்லாம் வெளியில வந்திருச்சு. ஊருக்கே தெரிஞ்சதுக்குப் பேட்டன்ட் கிடையாதுன்னுட்டார் ஜட்ஜ்."

"எவன் அந்தத் துரோகி?" குடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "உன் அண்ணன்தான்! பட்டறையை எட்டி எட்டிப் பார்த்தான்!"

"எங்க அண்ணனுக்குக் குடையை ஒழுங்கா விரிக்கவே தெரியாது," என்றாள் மனைவி.

எதிர்த்தரப்பு அப்பீலில் புதிதாகக் கொடுத்த ஆதாரத்தை வக்கீல் நீட்டினார். பழைய செய்தித்தாள் விளம்பரம். மனைவி வாங்கி உரக்கப் படித்தாள்.

"'திருடர்களுக்கு எச்சரிக்கை! படத்தில் காட்டியுள்ளபடி மழைநீரைக் கைப்பிடிக்குள் இறக்கும் குடை என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதைப் பார்த்து யாரும் காப்பியடிக்கக் கூடாது.'"

குடைக்காரர் அதைப் பிடுங்கப் பார்த்தார்.

மனைவி போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனாள். "குடையைப் பிடிச்சுக்கிட்டு இளிக்கிறது எங்க அண்ணன் மாதிரி தெரியலையேங்க?"