சிவப்புக் கட்டம்

அவள் பென்டிரைவைச் சர்வரில் செருகினாள். பதினோரு வருடமாக இந்த அறையின் சர்வர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு இன்றுதான் கடைசி நாள்.

ஏசி மெக்கானிக் ஏணியில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன தங்கச்சி, வைரஸ் கிரஸ் ஏத்துறியா? போற நேரத்துல எதுக்கு வம்பு?”

“புதுசா நான் ஒண்ணும் எழுதலண்ணே. போன மாசப் பதிவுல அந்த ஆள் எழுதாம விட்டதைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான்.”

அந்த ஆள் என்றால் மேலாளர். போன மாதம் நிறுவனம் முழுக்க இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர்கள் படுத்துக்கொண்டன. ‘பொண்ணு அசமந்தம்’ என்று அவள் தலையில் பழியைப் போட்டு, சீட்டையும் கிழித்துவிட்டார். அதையே சான்றிதழிலும் எழுதிவிட்டால் வேறு எவன் வேலை கொடுப்பான்? பழி தீர்க்காமல் இந்தப் படியை இறங்குவதில்லை என்று இருந்தாள்.

“நல்ல மனுஷன் போ,” என்றார் மெக்கானிக். “இந்த ஏசியை நிறுத்த அந்தாளோட ‘சரி’ வரணுமாம். அரை மணி நேரமா ஏணியிலேயே நிக்கிறேன்.”

மூன்று மணிக்குக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் தொடங்கியது. அவளையும் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்தார்கள். மேலாளர் தான் வாங்கிய தானியங்கிக் கண்காணிப்பு மென்பொருளை முதலாளியம்மாவுக்கு விளக்கினார்.

“இனிமே ஆளே வேண்டாம் மேடம். படுத்த சர்வரை அதுவே எழுப்பும். எது வேலையை இழுத்தடிக்குதோ அதைச் சிவப்புல காட்டும். சிவப்பைத் தூக்கிட்டா எல்லாம் தானா ஓடும்.”

சொல்லிவிட்டு ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்தினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏணியில் நின்ற மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பதினைந்தே விநாடியில் சர்வர் எழுந்துகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

கைதட்டல் மேலாளரின் தலைக்கு ஏறிவிட்டது.

“போன மாசக் கூத்தையும் இதுல போட்டுப் பார்த்துடலாம் மேடம். யாரால நின்னுச்சுன்னு மெஷினே சொல்லட்டும்.” அவள் பக்கம் திரும்பினார். “நல்லாப் பாரும்மா. போறப்போ தெரிஞ்சுக்கிட்டே போ.”

திரையில் மூன்று கட்டங்கள் விரிந்தன. கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம், பச்சை. சரிசெய்ய ஆறு நிமிடம், அதுவும் பச்சை. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி ஐம்பத்துமூன்று நிமிடம், சுடச்சுடச் சிவப்பு.

சிவப்புக் கட்டத்துக்குள் எழுதியிருந்தது: ‘மேலாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த நேரம்.’ அதன் அடியில், அன்று அவர் அவளுக்கு அனுப்பிய செய்தி, மணியோடு இருந்தது: ‘சாப்பிட்டுட்டு இருக்கேன். நான் சரின்னு சொல்ற வரைக்கும் எதையும் தொடாதே.’

மேலாளர் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

முதலாளியம்மா திரையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார். பிறகு அவளைப் பார்த்து, “நீ போய் உன் சீட்ல உட்காரும்மா,” என்றார். மேலாளர் பக்கம் திரும்பும்போதும் குரல் உயரவில்லை.

“சிவப்பைத் தூக்கிடணும்னு நீங்கதான் சொன்னீங்க, தூக்கிடறேன். இதுக்கும் உங்க ‘சரி’ வரணுமா?”