நாலு சக்கரத்துக்கும் சங்கிலி

“கொக்கி உள்பக்கம் போயிடுச்சு. கழட்டித் திரும்ப மாட்டு,” என்று டிரக்கின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள் ஜனெல்.

பனியில் வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் பனிச்சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ராய்ஸ் பல்லைக் கடித்தான். “ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு செயின் எதுக்கு?”

“போன தடவையும் இதே சவடால்தான். கணவாயில வழுக்கிக்கிட்டு நின்னோமே, மறந்துடுச்சா?”

“சரி, முன்சக்கரத்துக்கு மட்டும் போதுமா?”

“இறக்கத்துல வண்டியோட பின்பக்கம் வழுக்கி நமக்கு முன்னால போயிடும். நாலுக்கும் மாட்டு!”

ஒருவழியாக மாட்டி முடித்து நிமிர்ந்தான் ராய்ஸ். வேலிக்கு அந்தப்பக்கம் அரைக்கால் சட்டையோடு தர்பூசணி தின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹோபர்ட் சிரித்தார். “ஆகஸ்ட் வெயில்ல செயினா? பனி எங்கப்பா?”

“பாத்தியா, ஊரே சிரிக்குது!”

“சிரிக்கட்டும். போன தடவை நீ செயின் மாட்டி முடிக்கறதுக்குள்ள, ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்காம இவ இந்த சீட்லயே பொறந்துட்டா,” என்று பக்கத்தில் இருந்த மகளின் தலையைத் தட்டினாள் ஜனெல்.

“அதுக்கு இப்ப என்ன?”

“அடுத்தது ஜனவரியில.”

ராய்ஸுக்கு வாயெல்லாம் பல். குனிந்து, நாலு சங்கிலியையும் கழற்றி, முதலிலிருந்து மாட்ட ஆரம்பித்தான்.