பேட்ச் மாற்றம்

ப்ராஜெக்ட் பொறுப்பாளர் சௌந்திரம் மேடத்தின் அறைக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதை யுவஸ்ரீ இன்னொரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

அறிவுச்செல்விக்கு வீடு குமாரபாளையத்தில். கல்லூரிப் பேருந்தை விட்டால் ஊர் போய்ச் சேர்வது பெரும்பாடு. சாயங்காலம் லேபில் தங்க முடியாது. அம்மாவுக்குத் துணையாகத் தறி வேலை வேறு. பாவம், அவளுக்கு எதற்கு இந்தக் கஷ்டம்?

எல்லாமே உண்மைதான். காரணம் மட்டும் அதுவல்ல.

காரணம் ஜெகதீஸ்வரன். வகுப்பில் முதல் மாணவன். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஒரு பேட்சில் இரண்டு பேர்தான். போன வாரம் கேன்டீனில் அவனாகவே எதிரில் வந்து உட்கார்ந்து, "உன் டைட்டில் நல்லாருக்கு. நாம சேர்ந்து பண்ணுனா கோயமுத்தூர் போட்டிக்கே போலாம்" என்றான்.

அறிவுச்செல்விக்கு ஒரு பாடத்தில் அரியர் இருப்பதையோ, அரியர் இருப்பவர்களைக் கல்லூரி போட்டிக்கு அனுப்பாது என்பதையோ அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

'உன் டைட்டில்' என்று அவன் சொன்னதை யுவஸ்ரீ திருத்தவும் இல்லை.

அது அறிவுச்செல்வியின் யோசனை. அவளுடைய அம்மா கந்தம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தமாகிவிட்டது. இந்தத் தறியில் நின்றுகொண்டிருக்கும்போது அந்தத் தறியில் நூல் அறுந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள். கந்தம்மாளுக்குக் கேட்காது. துணி வீணாகும். முதலாளி வந்து திட்டுவார். அதுவும் பாதிதான் கேட்கும்.

கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டை. நூல் அறுந்தால் அது அதிர வேண்டும். இரண்டாம் வருடத்தில், பேருந்தில் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு அறிவுச்செல்வி விளையாட்டாகச் சொன்னாள். அன்றைக்கே யுவஸ்ரீ அதற்கு சர்க்யூட் வரைந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் எலெக்டிவ் பாடங்களைக்கூட இருவரும் பேசி வைத்துத்தான் எடுத்தார்கள். சென்சார் பாடம் யுவஸ்ரீ. எம்பெடட் சிஸ்டம் அறிவுச்செல்வி. எம்பெடட் பக்கம் போகாதீர்கள், வடிகட்டி விடுவார்கள் என்று சீனியர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பட்டைக்கு அது வேண்டும். இரண்டு பேரில் ஒருத்தி படித்துத்தான் ஆக வேண்டும்.

அரியர் விழுந்தது அந்தப் பாடத்தில்தான்.

யுவஸ்ரீ கதவைத் தள்ளினாள்.

மேடம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "வாம்மா. பேட்ச் மாத்தோணும், அதானே?"

"ஆமாங்க மேடம். அறிவுக்கு வந்துங்க... பஸ்ஸு..."

"அந்தப் புள்ளையே காலையில வந்து சொல்லிட்டுப் போயிருச்சு. பஸ்ஸு, தறி வேலை, எல்லாத்தையும். டைட்டில் உனக்கே இருக்கட்டுமாம். அவளை, தனியா இருக்கற யோகேஷ் பேட்ச்ல போட்டுறலாம்னு இருக்கறேன்."

யுவஸ்ரீ மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு முன்பே இந்த அறைக்கு வந்துவிட்டுப் போயிருந்தது.

"சண்டையா உங்களுக்குள்ள?"

"இல்லீங்க மேடம்."

"சரி விடு, நான் கேட்டிருக்கக் கூடாது." மேடம் இப்போதுதான் நிமிர்ந்தார். "யுவஸ்ரீ வருவா, வந்தா அவகிட்ட ஏன்னு எதுவும் கேட்டுறாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

மேடம் இன்னும் பெயர்களை எழுதவில்லை. பேனா மூடி திறந்தபடி கையில் இருந்தது. மாற்ற வேண்டாம் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ப்ராஜெக்ட் தலைப்பை முடிவு செய்யும் ஜீரோத் ரிவியூ வெள்ளிக்கிழமை. ஜெகதீஸ்வரன் கீழே படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தான்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள் யுவஸ்ரீ.

சாயங்காலம் பேருந்தில், வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் பையை வைத்து அறிவுச்செல்வி இடம் பிடித்திருந்தாள். யுவஸ்ரீ வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேருந்து வையப்பமலையைத் தாண்டியது. பின்சீட்டில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். யுவஸ்ரீ இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் பாட்டைக் கேட்பதுபோல் மூடிக்கொண்டாள்.

திருச்செங்கோட்டில் யுவஸ்ரீ இறங்க வேண்டும். எழுந்து நின்றாள்.

"அறிவு..."

அறிவுச்செல்வி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருப்பதுபோல் தெரியவில்லை. அழுததுபோலவும் இல்லை. களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

"பட்டையைச் செஞ்சு முடிச்சதும் எங்கூட்டுக்குக் கொண்டாந்து நீயே அம்மா கையில கட்டியுட்டுரு, யுவா" என்றாள். "நாம ரெண்டு பேருந்தான் சேந்து செய்யறோம்னு அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். கேட்டாங்கன்னா நீயும் அப்புடியே சொல்லிரு."

யுவஸ்ரீ படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லோணும்."