தலைவர் பேச்சின் நடுவே

“அந்தப் பொண்ணை இன்னிக்கே பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பணும், மேடம். எனக்கு வேற பேச்சே வேண்டாம்!”

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் மேசையைத் தட்டினார். காலைக் கூட்டத்தில் பேசிவிட்டு மேடையிலிருந்து நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்திருந்தார். ‘சிறப்பு விருந்தினர்’ அட்டை இன்னும் அவர் சட்டையில் தொங்கியது.

எதிரே சிறுமியின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ‘உடனே வாங்க’ என்று தலைமையாசிரியை போனில் கூப்பிட்டிருந்தார். மகள் முன்பு படித்த பள்ளிகளிலும் இப்படித்தான் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளையின் பையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதனால் இந்த முறை வக்கீல் தம்பியையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தம்பியோ, கோர்ட்டில் பேச இடம் கிடைக்காத குறையை இங்கே தீர்த்துக்கொண்டான்.

“சார், என் அக்கா பொண்ணு சிறப்புக் கல்வியில படிக்கிற பிள்ளை. அவ செஞ்சதுக்கு அவளோட குறைபாடுதான் காரணமான்னு கூட்டம் போட்டு விசாரிக்காம யாரும் அவளை வெளிய தள்ள முடியாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது!”

“அந்தக் கூட்டம்தாங்க இது,” என்றார் தலைமையாசிரியை. “நீங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்குங்க.”

தம்பி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“தலைவர் சார், என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்லுங்க.”

“உங்க கண்ணு முன்னாலதானே மேடம் நடந்தது?”

“இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் வாயால கேட்டாதானே விசாரணை?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒழுக்கத்தைப் பத்திப் பேசிட்டிருந்தேன். அரை மணி நேரம்கூட ஆயிருக்காது...”

“ஒரு மணி நேரம் தாண்டிருச்சு சார்.”

“சரி, ஏதோ ஒண்ணு. விறுவிறுன்னு மேடைக்கு வந்தா. மைக்கைப் பிடுங்கினா.”

“அவளுக்குச் சத்தம் தாங்காது சார்,” என்றாள் அம்மா. “ஸ்பீக்கர் இரைஞ்சா காதைப் பொத்திக்கிட்டுத் தவிப்பா. வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“அக்கா, மன்னிப்பு மட்டும் கேட்டுடாத! கேஸே போயிடும்!”

“மைக்கைப் பிடுங்கினதைக்கூட விட்டுடலாம்மா,” என்றார் தலைவர். “ஆனா அதுலயே என்னைப் பார்த்து, ‘போதும், உக்காரு!’ன்னுட்டா. அத்தனை பிள்ளைங்களும் கை தட்டிச் சிரிக்குதுங்க. என் வயசென்ன, அவ வயசென்ன?”

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள்.

“என்ன சொன்னா?”

“போதும், உக்காருன்னு. கொஞ்சம்கூட மரியாதை இல்லாம...”

“என் பொண்ணா? நல்லாக் கேட்டீங்களா சார்?”

“மைக்குல சொன்னா. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்!”

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”

எரிச்சலோடு தலைவர் மறுபடியும் சொன்னார். வக்கீல் தம்பி அத்தனை சட்டத்தையும் மறந்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினான். அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“என்ன மேடம் இது? புகார் சொன்னவனைப் போய்க் கும்பிடறாங்க?”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“போன்லயே சொல்லியிருப்பேன் சார். நீங்க சொல்லிக் கேட்டாதான் நம்புவாங்கன்னு நேர்ல வரச் சொன்னேன். பொறந்ததுலேருந்து இன்னிக்குக் காலை வரைக்கும் அந்தப் பொண்ணு வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினதில்ல சார்!”