சுவரில் விழுந்த சிவப்பு

கணவர் தவறிய ஏழாம் மாதம் அந்த ஓவியக்காரி மறுபடியும் தூரிகையை எடுத்தாள். ஜன்னலோரம் அவர் உட்காரும் நாற்காலியை வரைய ஆரம்பித்தாள். அவரை ஒருமுறைகூட வரைய முடிந்ததில்லை. மனிதர் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால்தானே!

தினமும் காலை பத்து முதல் பதினொன்று வரைதான் வரைவாள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறிவிடும். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே தீட்ட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதக்காரி. நாற்காலியின் நிழலுக்குக்கூடக் கறுப்பைத் தொடவில்லை. நீலத்தில் துளி ஊதா கலந்திருந்தாள்.

ஊரிலிருந்து வந்த மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி அச்சு அசலா இருக்கும்மா. ஆனா பின்னாடி வெள்ளைச் சுவர்ல எதுக்கு இந்தச் சிவப்பு?"

"சுவர்ல இருக்கு, போட்டேன். பக்கத்துல சிவப்புத் துணி இருந்தா வெள்ளையில அப்படித்தான் அடிக்கும்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் மெல்லிய செம்மை இருந்தது. அறையிலோ ஜன்னலுக்கு வெளியிலோ சிவப்பாக எதுவுமே இல்லை. அப்பா எப்போதும் போடும் சிவப்புச் சட்டைகளை அவளே மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள்.

"எத்தனை நாளாம்மா இது?"

"உத்துப் பார்க்க ஆரம்பிச்சதுலேருந்து. பேசாம இரு, வெளிச்சம் போயிடும்."

பதினொன்றுக்குச் சற்று முன்னால் சுவர் வெறும் வெள்ளையானது. ஓவியக்காரியின் வெள்ளை ரவிக்கைத் தோளில் அந்தச் செம்மை மெல்லப் படர்ந்தது.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓவியக்காரி கையமர்த்தினாள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தோள் பக்கமாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.