சிப்பி அலமாரி

"உங்க மாமியாரோட கல்யாண சீதனமா இது? அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தாள் பத்திரிகையிலிருந்து வந்திருந்த நாரே.

ஹேரிம் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். "ஆமாங்க. வீட்டையே இடிச்சு மாத்தினோம். இதை மட்டும் விட மனசு வரலை. வீடுன்னா அதுல நம்ம கதை இருக்கணும் இல்லையா?"

வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, வெள்ளை சோபா. நடுவில் கன்னங்கரேலென்று, முத்துச்சிப்பி பதித்த அந்த அலமாரி. புதுமனை விருந்துக்கு வந்தவர்கள், அந்த ஊர் வழக்கப்படி பரிசாகக் கொண்டுவந்த டாய்லெட் பேப்பர் கட்டுகளையும் சோப்புத்தூள் டப்பாக்களையும் வாசலில் குவித்துவிட்டு, அலமாரியைச் சுற்றி நின்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளா!"

கதை என்னவோ நல்ல கதைதான். என்ன, மாமியாரை முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்றே, அவருடைய அலமாரியின்மேல் குப்பை வண்டிக்குப் பணம் கட்டிய சீட்டை ஒட்டிக் கீழே குப்பைத்தொட்டியருகே நிறுத்தியவள் இதே ஹேரிம்தான். "வீடா இது, சாவு வீடு மாதிரி இருட்டிக்கிட்டு" என்று அப்போது சொன்னாள். பிறகு காற்று திசை மாறியது. சியோலில் காபிக் கடைக்குக் காபிக் கடை சிப்பி அலமாரி வந்து உட்கார்ந்தது. ஹேரிமும் பழைய சாமான் கடையெல்லாம் அலைந்து ஒன்றைப் பிடித்துவிட்டாள். அலமாரி கிடைத்தது, கதைதான் இல்லை. அதை அவளே செய்துகொண்டாள்.

"உங்க மாமியாரையும் பக்கத்துல நிறுத்திப் படம் எடுத்தா, கட்டுரை எங்கேயோ போயிடும்" என்றாள் நாரே.

"அவங்களுக்கு முடியலைங்க. எங்கேயும் வர்றதில்லை."

"நேத்து உங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேட்டேனே. காலையில போய்க் கூட்டிட்டு வந்துடறேன்னாரே!"

ஹேரிம் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அதே நேரம் கதவுப் பூட்டில் எண் அழுத்தும் சத்தம் கேட்டது. கணவன் தேவூக் உள்ளே வந்தான். அவன் கையைப் பிடித்தபடி, மாமியார் பாக் மல்சுன்.

வந்தவரைச் சூழ்ந்துகொண்டு எல்லாரும் வணக்கம் சொல்ல, ஹேரிம் கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"உங்களுக்கு மூளை இருக்கா?"

"பத்திரிகைக்காரங்க கேட்கிறாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அத்தைகிட்ட விஷயத்தைச் சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? உன் அலமாரியைத் தூக்கிப் போட்டுட்டோம்னா? அது வீட்டுல பத்திரமா இருக்குன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு வர்றேன்."

"சரி விடுங்க. பார்க்க எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கும்."

தேவூக் குரலைத் தாழ்த்தினான். "அம்மாவோடதுல நாரைதான் இருக்கும். இதுல மான் இருக்கு."

கூடத்தில் நாரேயின் குரல் கணீரென்று கேட்டது. "அம்மா, இங்கே வாங்க! இது உங்களோடதுதானே?"

ஹேரிம் ஓடிப்போவதற்குள் மல்சுன் அலமாரி முன்னால் நின்றிருந்தார். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். கிழவி விரலால் மானின் முதுகைத் தடவினார், கொம்பைத் தடவினார். பிறகு திரும்பி மருமகளை ஒரு பார்வை பார்த்தார். மானம் கப்பலேறப் போகிறது என்று ஹேரிம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னோடதுதான்" என்றார் மல்சுன். "எங்கப்பா மாட்டை வித்து வாங்கிக் குடுத்தார். இந்த மானைக் காட்டிக் காட்டித்தான் இவனுக்குச் சோறு ஊட்டுவேன். என்னடா, ஞாபகம் இருக்கா?"

தேவூக் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். நாரேக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாரும் மருமகளும் கைகோத்து நின்றார்கள். படம் அருமையாக வந்தது.

விருந்து முடிந்தது. தேவூக் காரை எடுக்கக் கீழே போனான். வாசலில் மாமியாருக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்த ஹேரிமுக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"அத்தை, உங்க அலமாரி..."

"தெரியும்மா. அன்னைக்கு நான் கார்ல ஏறும்போது குப்பைத்தொட்டி பக்கத்துல நின்னுச்சே, நெத்தியில சீட்டோட. அதையும் என்னையும் ஒரே காலையிலதானே கீழே இறக்கினீங்க."

ஹேரிமின் கண்களில் நீர் முட்டியது. இவ்வளவு நல்ல மனுஷியையா என்று நிஜமாகவே வெட்கப்பட்டாள்.

"தெரிஞ்சும் என் மானத்தைக் காப்பாத்திட்டீங்களே அத்தை. எனக்காகப் பொய் சொன்னீங்களே."

"உனக்காகவா?" மல்சுன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை. "அங்கே என் அறையில நாலு கிழவிங்க இருக்கோம். 'என் சாமானெல்லாம் என் மகன் வீட்டுல வச்சது வச்சபடி இருக்கு, என் மருமக ஒரு ஊசியைக்கூட எடுத்துப் போடலை'ன்னு நாலு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிக்குவோம். யாரும் யாரையும் நம்புறதில்லை."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"புத்தகம் வந்ததும் மறக்காம ஒண்ணு குடுத்தனுப்பு. என் பொய்க்கு மட்டுமாவது ஒரு படம் இருக்கட்டும்."