தீராத சந்தேகம்

மாலை ஐந்து மணி. காலையிலிருந்து பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்த பிரெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்க அவள் ஒருத்திதான். வாடிக்கையாளர் 'சந்தேகம் தீர்ந்தது' என்று சொல்லாமல் போனை வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

மறுபடியும் மணி அடித்தது. தினமும் வரும் அதே குரல்.

"ஏம்மா, பிரெட்டு வாங்கி ஆறு நாளாச்சு. இன்னும் பூஞ்சையே பிடிக்கலை. அப்படி என்னத்தைத்தான் போடுறீங்க?"

"கால்சியம் புரோப்பியனேட், மேடம். அனுமதிச்ச அளவுதான் போடுறோம். பயப்படாம சாப்பிடலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவேன், மேடம். ஆறு நாள் எதுக்கு வெச்சிருக்கீங்க? சீக்கிரம் சாப்பிட்டு முடிங்களேன்."

"ஒண்டி ஆளு எத்தனை துண்டுதான் தின்ன முடியும்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இதெல்லாம் ரெக்கார்டு ஆகுதும்மா. என் செல்லுக்குப் பேசேன்."

"அதை நீ எங்கடி எடுக்கிறே? பிரெட்டு பாக்கெட்டுல போட்டிருக்கிற நம்பருக்கு அடிச்சா, முதல் மணியிலேயே எடுத்துடுறே."

"சரிம்மா... சந்தேகம் தீர்ந்ததுன்னு சொல்லு. நான் வைக்கணும்."

"தீரலைன்னு எழுதிக்கோ," என்றாள் அம்மா.